பூப்போட்ட வார்

தோலை நனைப்பதில்தான் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் பிழை விடுகிறார்கள். ஒன்றில் சொட்டச் சொட்ட நனைப்பார்கள், இல்லாவிட்டால் ஈரத்துணியால் ஒரு தடவு தடவிவிட்டுக் கத்தியை எடுப்பார்கள். நனைத்த தோலைச் சும்மா வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மேலே பழைய நிறம் திரும்பி வரும், ஆனால் கன்னத்தில் வைத்தால் குளிரும். அந்த நேரம் பார்த்து வெட்டினால் கத்தி தானாகப் போகும். அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணி. அதற்குப் பிறகு தோல் எதையும் ஏற்காது. இதை முதலில் சொல்லிவைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

ரதீஸ் தம்பி, நீங்கள் எங்கள் தோல் வேலைச் சங்கத்தின் செயலாளர். நான் சொல்வதைச் சொன்னபடியே எழுதுங்கள். றபீக்காவின் விலகல் கடிதம் நாளைக்குக் கமிட்டிக்கு வருகிறது என்று கேள்விப்பட்டுத்தான் காலையில் பஸ் ஏறினேன். அவள் விலகத் தேவையில்லை. என் அண்ணன் கனகசிங்கம் செத்தது அவள் குத்திய முத்திரையால் அல்ல.

என் பெயர் சுகிர்தமலர், வயது நாற்பத்து நான்கு, ஊர் தன்னாமுனை. உங்களுக்குத் தெரிந்ததுதான், என்றாலும் எழுத்தில் இருக்கட்டும். இரண்டாயிரத்து ஏழில், யுத்தத்தில் செல் விழுந்து அண்ணனுக்கு இடது கால் தொடையோடு போனது. அப்போது எனக்கு இருபத்தாறு. வீட்டில் வேறு ஆள் இல்லை. பொய்க்கால் கிடைத்தது, அதை இடுப்பு வாரில் மாட்டிக் கட்டிவிடுவது என் வேலையானது. அதோடு தோணியில் ஏறி, எழுந்து நின்று, வாவியில் வலை வீசுவார். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துதான் வீச வேண்டும் என்று சொன்னார்கள். உட்கார்ந்து வீசுகிறவனுக்கு மீன் சிரிக்கும் என்பார்.

அண்ணன் கெட்ட மனிதர் என்று எழுதிவிடாதீர்கள். குடிக்க மாட்டார். கை நீட்டியதில்லை. எதற்கும் என்னை மறித்ததே இல்லை, கரைச்சலே அதுதான். மண்டூரிலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. "ஓம் புள்ள, நல்ல இடம். நீ போ, என்ன நான் பாத்துக்கொள்ளுவன்" என்றார். அன்றைக்கு இரவு சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தார். கேட்டால் பசிக்கவில்லை என்றார், முகத்தில் கோபமும் இல்லை. நான்காம் நாள் பசி மயக்கத்தில் கிணற்றடியில் விழுந்து கிடந்தார். நான் மண்டூருக்குச் சரிவராது என்று சொல்லி அனுப்பினேன். பிறகு பாலர் பாடசாலை ஆசிரியைக்குப் படிக்க ஒரு வருடம் விடுதியில் நிற்க வேண்டி வந்தது. அதற்கும் ஓம் என்றார், அதற்கும் தட்டைத் தள்ளினார். சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். ஓம் என்று சொல்கிற ஆளோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

சங்கத்துக்கு மட்டும் போக முடிந்தது. கிழமைக்கு ஒரு நாள், வியாழக்கிழமை, நாலு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். கட்டாரில் குதிரைச் சேணம் செய்கிற பட்டறையில் இருந்துவிட்டு வந்த ஸாஹிர் நானா அங்கே தோலில் பூ வெட்டக் காட்டித் தந்தார். கத்தியின் தலையில் சுட்டுவிரலை வைத்து, மற்ற விரல்களால் அதைத் திருப்பித் திருப்பி வெட்ட வேண்டும். முதல் மாதம் என்னுடைய தாமரை முட்டைக்கோவா மாதிரி இருந்தது. றபீக்கா பார்த்துவிட்டு, "அக்கா, இத சுண்டிப்போட்டு சோறு ஆணத்தோட திங்கலாம்" என்றாள். நானும் சிரித்தேன். அவள் என்னைவிடப் பத்து வயது இளையவள், சங்கத்தில் எனக்கு அவள்தான் கூட்டு.

இரண்டு வருடத்தில் என் கை படிந்தது. இந்த மாசியில் கமிட்டி என்னைத் தெரிவு செய்தது. கண்டிப் பக்கம், ஆறு மாதப் பயிற்சி. போகும்போது சொந்தமாக வெட்டிய ஒரு துண்டு கொண்டுபோக வேண்டும். அண்ணனிடம் சொன்னேன். "ஓம் புள்ள, போ" என்றார். அன்றைக்கு இரவு தட்டு அப்படியே இருந்தது.

இடுப்பு வாரைப் பற்றிப் பேச்சு வந்தது அதற்கு அடுத்த கிழமை. பழையது வெடித்திருந்தது. "நீதான் தோல் வேலை படிக்காய், ஒண்டு செஞ்சி தாவன். சும்மா வாராத் தராத, பூவொண்டு போடு" என்றார். ஸாஹிர் நானா முதல் நாளே எங்களுக்குச் சொன்னதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். "இழுவை தாங்குற வாருல பூப்போடாதீங்க. வெட்டினா வெட்டினதுதான், தோல் மறுகா ஒட்டாது." நான் றபீக்காவிடம் கேட்டேன். மேலாக வெட்டினால் தாங்கும், அண்ணன் ஆசைப்படுகிறார்தானே என்றாள். தாமரைக் கொடி ஒன்று வெட்டினேன். ஒருவர் செய்ததை இன்னொருவர் பின்பக்கமாக வளைத்துப் பார்த்து, வெட்டு வாய் திறப்பதைக் கொண்டு ஆழம் கண்டு, பிறகு முத்திரை குத்துவது சங்கத்தின் வழக்கம். றபீக்கா ஒவ்வோர் இதழாக வளைத்துப் பார்த்தாள். "மூணுல ஒரு பங்குக்கு மேல கத்தி இறங்கல்ல அக்கா. இது தாங்கும்" என்று சொல்லிக் குத்தினாள். அவள் பார்த்தபோது அது தாங்கும் வார்தான்.

முத்திரை குத்திய பிறகு வேலையில் கை வைக்கக்கூடாது. அதை நான் மீறினேன் என்று முதலில் எழுதுங்கள்.

அடுத்த நாள் பின்னேரம், அண்ணன் முற்றத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். நான் வாரின் ஒரு முனையை மட்டும் மறுபடி நனைத்தேன். பூட்டுக்குப் பக்கத்தில் வாரின் குறுக்கே போகிற இரண்டு இதழ்களில், பழைய கோட்டிலேயே கத்தியை விட்டேன். அடியில் ஒரு கடதாசித் தடிப்புத் தோல்தான் மிச்சம் விட்டேன். பிறகு வெட்டின் இரு கரையையும் அமுக்கி, மெழுகு தேய்த்தேன். வெட்டு வாய் மூடிக்கொண்டது. பூ முன்னைவிட எடுப்பாகத் தெரிந்தது, அது உண்மை.

அண்ணன் அதைக் கையில் வாங்கிப் பெருவிரலால் தடவினார். "வெட்டு ஆழமோ புள்ள?" என்று கேட்டார்.

"இல்ல அண்ணன். றபீக்கா பாத்துத்தான் சீல் குத்தினவ."

"அப்ப சரி. கட்டிவிடு."

கட்டிவிட்டேன். இந்த இடத்தை நான் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். கேட்டார் என்றால் அவருக்கு விளங்கியிருக்கிறது. விளங்கியும் கட்டிவிடு என்றார். ஆகவே அது இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு.

ஒன்பது நாள் அதைக் கட்டினார். ஒன்பது நாளும் காலையில் நான் கட்டி, பின்னேரம் நான் அவிழ்த்தேன். ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று வாய் வரைக்கும் வரும். இரவில் தட்டைப் பாதியில் தள்ளிவைப்பார். சொல்லாமல் விட்டுவிடுவேன். என்னால் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

செத்த வீட்டுக்கு றபீக்கா வந்து, அறுந்த வாரைக் கையில் வைத்துக்கொண்டு, நான்தான் குத்தினேன், நான்தான் குத்தினேன் என்று அழுதாள். அவளைத் தேற்றினேன். நீ வேண்டுமென்று செய்யவில்லைதானே என்றேன். அன்றையிலிருந்து அவள் கத்தியைத் தொடவில்லை என்று ஸாஹிர் நானா சொன்னார். இரண்டு மாதம் நான் பேசாமல் இருந்தது பிழை. பயிற்சிக்கும் நான் போகவில்லை. முப்பத்தோராம் நாள் காரியம் முடியுமுன் வீட்டை விட்டுப் போகக்கூடாது என்று சொந்தக்காரர் சொன்னார்கள், அதற்குள் என் இடத்துக்கு நிஸ்மியாவை அனுப்பிவிட்டீர்கள். அதில் எனக்குக் குறையில்லை.

இனி வார் அறுந்த பத்தாம் நாளைச் சொல்கிறேன். காலை பத்து மணி இருக்கும். அண்ணன் கரையிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், தண்ணீருக்குள் நிற்கிற கண்ணாப் பற்றைக்குப் பக்கத்தில் வலை வீசிக்கொண்டிருந்தார். நான் வாவியைப் பார்த்த பின்விறாந்தையில் கண்டிக்குக் கொண்டுபோகிற துண்டை வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு தாமரை, எட்டு இதழ். ஏழு முடிந்திருந்தது. தண்ணீரில் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். தோணி வெறுமையாக நின்றது. அண்ணன் ஒரு கையால் அதன் விளிம்பைப் பிடித்திருந்தார், வலை மற்றக் கையையும் காலையும் சுற்றியிருந்தது. அங்கே நெஞ்சளவு தண்ணீர், அடியில் சேறு.

"மலர்" என்றார். தேத்தண்ணி கேட்கிற மாதிரித்தான் கூப்பிட்டார்.

"ஓம் அண்ணன், வாறன்" என்றேன். நான் பொய் சொல்லவில்லை, போகத்தான் இருந்தேன். ஆனால் தோலைத் தொட்டுப் பார்த்தேன், ஈரம் இறங்கத் தொடங்கியிருந்தது. விட்டுவிட்டுப் போனால் எட்டாவது இதழ் விழாது. மறுபடி நனைத்தால் மற்ற ஏழும் ஊதிவிடும். இரண்டாம் தடவையும் கூப்பிட்டார். மூன்றாவது பாதியில் நின்றது. இதழை முடித்து, கத்தியைத் துடைத்து, உறையில் போட்டுவிட்டுத்தான் எழுந்தேன். நான் இறங்கிப் போனபோது தோணி தனியாகப் பற்றைப் பக்கம் ஒதுங்கியிருந்தது.

அந்தத் துண்டை இந்தப் பையில் கொண்டுவந்திருக்கிறேன். கடைசி இதழைப் பாருங்கள் தம்பி, கை நடுங்கியிருந்தால் அந்த வளைவு அப்படி வந்திருக்காது. அதற்கு இன்னும் முத்திரை இல்லை. றபீக்காவிடம் கொடுத்து, வளைத்துப் பார்த்துக் குத்தித் தரச் சொல்லுங்கள்.