குடோன்காரருக்கு வேலை கிடைக்காதது பற்றி

இந்த அறையில் ஏசியைக் கொஞ்சம் குறைத்து வைக்கலாம், மேடம். நேர்காணலுக்கு வருகிறவர்களின் கை நடுங்கினால் அது பயமா குளிரா என்று தெரியாமல் போய்விடுகிறது. எனக்கு இப்போது குளிர்தான். தலைமை அலுவலகத்திலிருந்து விசாரிக்க வந்திருக்கிறீர்கள், அதனால் ஒளிவு மறைவு இல்லாமல் சொல்லிவிடுகிறேன்.

ஆள் பிடித்துக் கொடுக்கும் தொழில் எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தலைகீழாக நின்று ஒருவரைத் தேடிப் பிடித்து, கம்பெனியைச் சம்மதிக்க வைத்தால், வேலையில் சேர வேண்டிய நாளில் மனிதர் போனை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவார். கம்பெனி என்னைக் காய்ச்சும், என் முதலாளி மிச்சத்தைக் காய்ச்சுவார். இதில் எத்தனையோ பேர் வந்த வேகத்தில் ஓடிவிட்டார்கள். நான் மட்டும் அசையவில்லை. "உங்களால மட்டும் எப்படி சார் முடியுது?" என்று புதிதாக வரும் பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல மனிதர்களோடு பேசுங்கள் என்பேன். அதில் பொய் எதுவும் இல்லை.

என்னுடைய நல்ல மனிதர் குடோன்காரர். கிடங்கு மேற்பார்வையாளராக இருந்தவர், கிடங்கை மூடியதும் எங்களிடம் வந்து பெயர் பதிந்தார். ஒருநாள் தொழிலில் எனக்குச் செமத்தியாக அடி விழுந்திருந்தது. அன்றைக்குப் பார்த்து அவரிடம், நீங்கள் தேர்வாகவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. உண்மையாகவே தேர்வாகவில்லை, அந்த ஒரு முறை.

"அது கெடக்கட்டும் சார். உங்க குரல் ஏன் இப்படி இருக்கு? சாப்பிட்டீங்களா?" என்றார்.

அரைமணி நேரம் எனக்கு ஆறுதல் சொன்னார். கம்பெனிக்காரர்கள் மேல் தப்பில்லை, உங்கள் மேலும் தப்பில்லை, எனக்குத்தான் நேரம் வரவில்லை என்றார். போனை வைத்தபோது மலையையே புரட்டிவிடலாம் போலிருந்தது. அன்று மாலையே இரண்டு பேருக்கு வேலை வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த அடி விழுந்தபோதுதான் சிக்கல். எனக்கு ஆறுதல் தேவைப்பட்டது, ஆனால் அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டதாக ஒரு தொழிற்சாலையிலிருந்து அப்போதுதான் சொல்லியிருந்தார்கள். வேலை கிடைத்த மனிதர் நன்றி சொல்வார், ஆறுதல் சொல்ல மாட்டார். அவர் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டார் என்று தொழிற்சாலைக்குச் சொன்னேன். அவரிடம், இந்த முறையும் அமையவில்லை என்றேன். அவர் என்னை வழக்கம்போல் அருமையாகத் தேற்றினார்.

பிறகு அது பழகிவிட்டது. ஆனாலும் அவரை நான் அலட்சியப்படுத்தியதே இல்லை. நல்ல நல்ல இடங்களுக்குத்தான் அனுப்புவேன். கெட்டிக்காரர், போன இடமெல்லாம் அவரைப் பிடித்துப்போகும், அதனால் எனக்கு வேலை இரட்டிப்பு. அவர் குடும்பத்தோடு மச்சான் வீட்டு மாடிக்குக் குடிபோனதும், அங்கே மச்சான் மனைவியின் முகம் பார்த்துச் சாப்பிடுவதும் எனக்குத் தெரியும். மகள் படிப்பை நிறுத்திவிட்டுத் துணிக்கடையில் வேலைக்கு நிற்கிறாள் என்று அவர் சொன்ன அன்று, உண்மையைச் சொல்கிறேன் மேடம், எனக்கு அழுகையே வந்துவிட்டது. "நீங்க ஏன் சார் அழுவுறீங்க? எல்லாம் சரியாப் போயிரும்" என்று வெகுநேரம் பேசினார். அதன் பிறகுதான் தேறினேன்.

அந்த ஆண்டு மனஉறுதிக்கான கேடயத்தை எனக்குத்தான் கொடுத்தீர்கள். கைதட்டல் பலமாக இருந்தது.

தொழிற்சாலை மேலாளர் அவரைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்து, "புது வேலை எப்படிப் போகுது?" என்று குசலம் விசாரிக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் மனக்கஷ்டம் வந்திருக்காது. குடோன்காரர் நேராக இங்கே வந்தார். நான்கு பேர் முன்னால் சட்டையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். பிடிக்கவில்லை.

"ஏன் சார்?" என்று மட்டும் கேட்டார்.

நான் முகம் வெளிறிப்போய் நிற்கிறேன், மனிதர் ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லவில்லை. இத்தனை நாள் பழக்கத்துக்கு அதைக்கூட எதிர்பார்க்கக் கூடாதா என்று நெஞ்சு வலித்தது.

ஆக, ஒப்புக்கொள்கிறேன். அவருக்கு வந்த வேலைகளையெல்லாம் நான்தான் கெடுத்தேன். என்னை நீக்குவது உங்கள் இஷ்டம். ஆனால் என் இடத்தில் அவரையே உட்கார வைக்கப் போவதாக வெளியே பேசிக்கொள்கிறார்கள். அவர் நன்மைக்காகச் சொல்கிறேன், வேண்டாம். தங்கமான மனிதர்தான், ஆனால் இந்த வேலைக்கு அடிக்கு மேல் அடி விழுந்தாலும் தளராத மனம் வேண்டும். அது அவரிடம் கிடையாது. இந்த முறையும் அமையவில்லை என்பதை நீங்கள் சொல்லிச் சங்கடப்பட வேண்டாம், மேடம். நானே போன் செய்கிறேன். இன்றைக்கு எனக்கு மனசே சரியில்லை.