ஜோதி போட்ட ஊசி

என் கையால் ஊசி போட்டால் வலிக்கவே வலிக்காது என்று என் வீட்டுக்காரர் வாய் ஓயாமல் சொல்வார். ஆஸ்பத்திரி நர்ஸ்கூட இவ்வளவு பதமாகப் போடமாட்டாள் என்பார். இருபத்து மூன்று வருடப் பழக்கம், வேறென்ன.

அவருக்கு ரத்தம் உறையாத நோய். கல்யாணத்துக்கு முன்னால் எங்களிடம் மூச்சு விடவில்லை. மூன்றாம் மாதம் அவர் முழங்கால் பூசணிக்காயாக வீங்கிய பிறகுதான் மாமியார் வாயைத் திறந்தார். தொலையட்டும் என்று விட்டேன். ஒரு குப்பியில் மருந்துப் பொடி, இன்னொன்றில் தண்ணீர். இரண்டையும் கலந்து நரம்பில் ஏற்றக் கற்றுக்கொண்டேன். அவரைப் பார்த்துக்கொள்வதற்காக ஒரகடம் கம்பெனியில் லைன் லீடர் வேலையையும் விட்டேன்.

போன மாதம் தண்டலத்திலிருந்து எங்கள் மகள் பூஜாவைப் பெண் பார்க்க வந்தார்கள். அவளுக்குப் பையன் பிறந்தால் இதே நோய் வரலாம் என்று டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். அவர்கள் பேச்சுவாக்கில் குடும்பத்தைப் பற்றி விசாரித்தார்கள். இவர் சிரித்துக்கொண்டே, "எங்க வூட்ல யாருக்கும் ஒரு நோவு நொடி கெடையாதுங்க" என்றார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் வீட்டில் உட்கார்ந்து அவர் அப்பா சொன்னதும் இதேதான். சிரித்த முகமாகக் காபி கொடுத்தேன்.

நாலாம் நாள், வேலை செய்யும் ஸ்டோரில் இரும்பு ரேக்கில் தலையை இடித்துக்கொண்டு மதியமே வீட்டுக்கு வந்தார். தலையில் அடிபட்டால் முதலில் ஊசி, உடனே ஆஸ்பத்திரி. எங்கள் வீட்டில் அது சட்டம். கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். நான் பொடிக் குப்பியைத் தொடவில்லை. தண்ணீரை மட்டும் ஏற்றினேன்.

"இப்ப பரவால்ல ஜோதி" என்றார். ஆஸ்பத்திரிப் பேச்சை நான் எடுக்கவில்லை. சாயங்காலம் வாந்தி எடுத்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போய்டலாம் ஜோதி. தல வெடிக்கிற மாரி கீது."

"மருந்து வேல செய்றதுக்குள்ள இன்னா அவசரம்? கம்முனு படுத்துக்கினு இருங்க."

இன்னொரு தடவை தண்ணீர் ஏற்றினேன். விளக்கு வைக்கும் நேரத்தில் பேச்சு நின்றுபோனது. பக்கத்திலேயே உட்கார்ந்து தலையைக் கோதிவிட்டேன்.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். நோயை மறைத்துச் சம்பந்தம் பேசுகிறவரை வேறென்ன செய்வது?

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன், இன்ஸ்பெக்டர் மேடம். தண்டலத்துக்காரர்கள் வந்து விசாரித்தால் அவருக்கு இருந்த நோயைப் பற்றி மட்டும் வாய் திறக்காதீர்கள். பூஜாவுக்கு நல்ல இடம், கைநழுவிப் போய்விடும்.