நைநையைக் கொல்ல ஒரு தீர்மானம்

அவைத்தலைமையை அழகு செய்து, மைக்கைப் பிரிய மனமின்றிப் பிரிந்து, அதை என்னிடம் தந்திருக்கும் மருந்துக்கடைப் பெருமகனார் அவர்களே! அவர் பேசப் பேசத் தலையாட்டித் தலையாட்டிக் கழுத்து வலி கண்டிருக்கும் செயலாளர் தம்பி அவர்களே! முன்வரிசையில் முத்துக் கோத்தாற்போல் அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! மின்விசிறிக்கு நேர் கீழே இடம்பிடித்துவிட்ட மதிநுட்பம் மிக்க தாய்மார்களே! நாற்காலி கிடைக்காவிட்டாலும் நக்கல் குறையாமல் கடைசியில் நின்றிருக்கும் உடன்பிறப்புகளே! அனைவருக்கும் என் அடித்தொண்டையிலிருந்து எழும் அன்பு வணக்கம்.

தொண்டை என்றேன். அதுதான் என் தொழில். திரையில் ஒருத்தி வாயசைப்பாள். ஒலிப்பதிவுக் கூடத்து இருட்டில் நின்று நான் பேசுவேன். அழகு அவளுடையது, ஆதங்கம் என்னுடையது!

இது 'பூட்டுக்காரன்' தொலைக்காட்சித் தொடருக்காகவே பிறந்த ரசிகர் பேரவை. பகலில் பூட்டுப் பழுதுபார்ப்பவன், இரவில் பெட்டகம் உடைப்பவன். காவல்துறையிடம் சிக்காதவன், உங்கள் கண்களில் மட்டும் சிக்கிக்கொண்டவன்! ஆகா, விசில்! அது எனக்கில்லை, அவனுக்குத்தான் என்று தெரிந்தே வாங்கிக்கொள்கிறேன்.

சென்ற வாரம் செயலாளர் தம்பி தொலைபேசியில் அழைத்தார்.

"அக்கா, பூட்டுக்காரன் கூடவே ஒரு கொள்ளைக்காரி வர்றாளே, அவளுக்குப் பேசுறது நீங்கதானே?"

"ஆமாப்பா."

"ஐயோ, தேன் மாதிரி இருக்குக்கா! எங்க விழாவுல தீர்மானத்தை நீங்கதான் வாசிக்கணும்."

"என்ன தீர்மானம்?"

"அவன் பொண்டாட்டி இருக்காளே, நாங்க நைநைன்னு பேர் வச்சிருக்கோமே, அவதான்! அவளைச் சாகடிச்சிடச் சொல்லித்தான். பேரவை ஒருமனதா கேட்டா, அடுத்த வாரமே மாடிப்படியில உருட்டி விட்டுடறேன்னு தயாரிப்பாளர் சொல்லிட்டாரு."

"பாவம்ப்பா, அவ உங்களை என்ன செஞ்சா?"

"அவ குரலே ஆகாதுக்கா. தகரத்துல ஆணியால கீறுற மாதிரி இருக்கு."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. கட்டாயம் வருகிறேன் தம்பி என்றேன். வந்தும்விட்டேன்.

வாசிப்பதற்கு முன் ஒன்றிரண்டு கேள்விகள் கேட்கலாமா? தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஐயா, நீங்கள் பேசியபோது நாங்கள் யாரும் பார்க்கவில்லை!

பூட்டுக்காரன் என்னென்ன செய்தான்? திருடினான். காவலாளியின் தேநீரில் தூக்க மருந்து கலந்தான். கூட்டாளியை, அதுவும் கூடவே வளர்ந்த நண்பனை, மொட்டை மாடியிலிருந்து தள்ளிவிட்டான். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "பாவம், சின்ன வயசுல அவனுக்கு யாரும் பாசம் காட்டல!" சொன்னீர்களா, இல்லையா? அவன் குனிந்தால் கவலை, நிமிர்ந்தால் கம்பீரம், கொன்றால் காயப்பட்ட இதயம்!

நைநை என்ன செய்தாள்? சட்டையைத் துவைக்க எடுத்தாள். எடுத்தவள், "இதுல ஏன் ரத்தம்?" என்று கேட்டாள். ஒரே ஒரு கேள்வி! உடனே கிளம்பிவிட்டீர்களே! சந்தேகப் பேய் என்றீர்கள், சனியன் என்றீர்கள். ரத்தம் சிந்தியவன் நாயகன், ரத்தக் கறையைப் பார்த்தவள் ராட்சசியா? இது எந்த ஊர் நியாயம்? பின்னால் ஓர் அண்ணன் ஏதோ சொல்கிறார். என்ன அண்ணா? "கேக்கலாம், நேரம் பார்த்துக் கேக்கணும்." ஆகட்டும் அண்ணா, அடுத்த முறை அவன் கொலை செய்துவிட்டு வந்து, குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்த பிறகு கேட்கச் சொல்கிறேன்!

இது திரையோடு நின்றால் நானும் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். நைநையாக நடிக்கும் பெண்ணுக்குப் போன மாதம் பல்வலி. மருத்துவமனை நாற்காலியில் சாய்ந்து கிடக்கிறாள். வாய் நிறையப் பஞ்சு. அந்த நேரம் பார்த்து, கருவிகளை எடுத்துக் கொடுக்கும் அம்மாள் குனிந்து முகத்தைப் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, அந்த மனுஷனைக் கொஞ்சம் நிம்மதியா இருக்க விட மாட்டியா?"

பாவம், அவளால் என்ன சொல்ல முடியும்? "ங்" என்றாள்.

"பார்த்தீங்களா டாக்டர், இங்கயும் எதிர்த்துப் பேசுறா!"

சிரிக்கிறீர்கள். சொல்லும்போது அவளும் சிரித்தாள். சிரித்து முடித்தவள், "கடைக்குப் போகவே பயமா இருக்குக்கா" என்றாள். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போதும் வரவில்லை.

சரி, உங்கள் தேன்குரல் கொள்ளைக்காரியாவது தப்பித்தாளா? அவன் பின்னால் ஓடிய வரைக்கும் அவள் தேவதை. போன செவ்வாய்க்கிழமை, "எனக்கும் சரிபாதி வேணும்" என்றாள். அன்று மாலையே உங்கள் பேரவையின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதுகிறார்: "இவளும் நைநை மாதிரி ஆயிட்டு வர்றா." ஆக, உங்களுக்குப் பிடிக்காதது குரல் அல்ல, கேள்வி! தேனாக இருந்தாலும் கேள்வி கேட்டால் அது தகரமாகிவிடுகிறது!

செயலாளர் தம்பி தாளை நீட்டுகிறார். நன்றி. இதோ, தீர்மானத்தை வாசிக்கிறேன். இது நைநையைப் பற்றியது என்பதால், அவளுடைய குரலிலேயே வாசிப்பதுதான் முறை.

"பேரவையில இருக்கிற எல்லாருக்கும் வணக்கம். என்னை மாடிப்படியில உருட்டி விட்டுடுங்க. என் புருஷன் ராத்திரி எங்க போனான்னு கேட்டேன். சட்டையில ரத்தம் ஏன்னு கேட்டேன். என் பிள்ளைக்கு அப்பா யாருன்னு எனக்குத் தெரியும், அப்பா என்ன வேலை செய்றான்னுதான் தெரியல. அதையும் கேட்டேன். இதுக்கு மேல கேட்க மாட்டேன், கொன்னுடுங்க."

ஏன் தம்பி, வாயை மூட மறந்துவிட்டீர்கள்? ஆம், இதுவும் நான்தான்! தேனும் நானே, தகரமும் நானே! ஒரே தொண்டை, ஒரே மைக், ஒரே நாற்காலி. காலையில் கொள்ளைக்காரிக்குப் பேசுவேன், தண்ணீர் குடித்துவிட்டு நைநைக்குப் பேசுவேன். நைநை செத்தால் என் வேலையில் பாதி போகும். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

நைநை புனிதவதி என்று நான் சொல்லவில்லை. மாமியாரிடம் பொய் சொல்பவள், பக்கத்து வீட்டுக்காரியைப் பொறாமையால் அழவைத்தவள். அதற்காகத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன்! ஆனால் அன்பர்களே, கொலைகாரனுக்குக் குடம் குடமாய்க் கொட்டும் கருணையில், கேள்வி கேட்டவளுக்கு ஒரு கரண்டி கிடையாதா? அவனுடைய சிறுவயதைத் தேடிப் போய் அழுதவர்கள், அவளும் ஒரு காலத்தில் சிறுமியாக இருந்தாள் என்று ஒரு நாளாவது நினைத்தீர்களா?

இனி வாக்கெடுப்பு. அவள் சாக வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள். தலைவர் முதலில். ஐயா? முன்வரிசையிலிருந்து தலைவரின் துணைவியார் பேசுகிறார், எல்லோரும் கேளுங்கள்: "தூக்குங்க, நானும் பார்க்கிறேன்." தலைவரின் கை சட்டைப்பைக்குள் போய்விட்டது!

இதோ, ஒரே ஒரு கை! பின்வரிசை அண்ணன். இறக்கவில்லை. "எனக்கு அவளைப் பிடிக்கலம்மா, அவ்வளவுதான்." நன்று அண்ணா! இந்த அவையிலேயே நேர்மையான கை அது. பிடிக்காமல் இருப்பது உங்கள் உரிமை. ஒரு கை ஒருமனது ஆகாது. ஆகவே தீர்மானம் தோற்றது. இனி நாள்தோறும் மாலையில் வந்து, ஆசை தீர அவளைத் திட்டுங்கள். திட்டுவதற்காவது அவள் உயிரோடு இருக்கட்டும்!

பொறுமையாய்க் கேட்ட செவிகளுக்கும், பொறுக்காமல் சிரித்த வாய்களுக்கும், தூங்காமல் காத்த மின்விசிறிக்கும் என் நன்றி. இதற்கு மேல் பேச எனக்கு அனுமதியில்லை. நாளைக் காலை ஒலிப்பதிவு. நைநைக்கு நீளமான வசனம் இருக்கிறது, தொண்டை வேண்டும். வருகிறேன், வணக்கம்!