ஐந்து பேர் பார்த்த முகம்

விதைக் கடையில் நெல்மணியை நிறுப்பதுபோல் எங்கள் சொல்மணியையும் நிறுத்துப் பார்க்க வந்து, நடுநாயகமாக அமர்ந்திருக்கும் அரியலூர் வாசகர் மன்றத்தின் தலைவர் ஐயா சிங்காரவேலு அவர்களே! பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறி, புழுதி பூசி, பொறுமை பூண்டு வந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடே முன்வரிசையை அலங்கரிக்கும் தாய்மார்களே! ‘ஆட்டம் தொடரட்டும்’ என்று எனக்கு முன்னால் அனல் பறக்கப் பேசி அமர்ந்திருக்கும் வழக்கறிஞர் தம்பி தமிழரசன் அவர்களே! குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வைத்தும் குறையாத சிரிப்போடு இருக்கும் அம்சவள்ளி அவர்களே! மூன்றாவது வரிசையில் செல்போனைப் பார்ப்பதுபோல் நடித்துக்கொண்டிருக்கும் என் கணவர் குருநாதன் அவர்களே! உங்கள் அத்தனை பேருக்கும் ஹேமலதாவின் அன்பு கலந்த வணக்கம்.

என்ன, வீட்டுக்காரரையும் விளித்துவிட்டேன் என்று சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். கொஞ்ச நேரத்துக்குத்தான் அந்தச் சிரிப்பு.

இன்றைய கேள்வி என்ன? நம் மன்றத்து மாடியில் ஞாயிறுதோறும் நடக்கிறதே கதையாட்டம், அதில் கொடூரமான காட்சிகள் வரலாமா, வரக்கூடாதா? வருமென்றால் மாடியை அவர்களுக்குக் கொடுக்கலாமா, கூடாதா? அறியாதவர்களுக்காக அந்த ஆட்டத்தைச் சொல்கிறேன். ஒரு மேசை. ஒருவர் கதையை நடத்துவார். சுற்றி ஐந்து பேர் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்வார்கள். முகத்துக்கு அரிதாரம் கிடையாது, காலுக்குச் சலங்கை கிடையாது. ‘நீ இப்போது என்ன செய்கிறாய்?’ என்று கேட்டால், வேடத்துக்குள் இருந்துகொண்டு வாயால் சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். அவ்வளவுதான்.

இந்த ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி மனுக் கொடுத்தவர் நம் சுமதி அக்கா. அந்த மனுவில் இரண்டாவது கையெழுத்து என்னுடையது. ஆகவே ‘கூடாது’ கட்சிக்கு நான் பேச்சாளர். அறத்தின் பெயரால் பேசு என்று அழைத்தார்கள். ஆனால் அவையோரே, நான் பேச எழுந்தது பொறாமையின் பெயரால்!

ஏன் இந்தச் சலசலப்பு? மேடையில் அன்பு உண்டு, ஆவேசம் உண்டு, அழுகை உண்டு. பொறாமைக்கு மட்டும் இடமில்லையா? எனக்கு வயிறு எரிகிறது. எரிகிற வயிற்றை வைத்துக்கொண்டு இனிக்க இனிக்கப் பேச எனக்குத் தெரியாது.

முதலில் அம்சவள்ளி மேல் பொறாமை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், ஞாயிறுதோறும் கதையை நடத்துபவர். அவருக்கு மைக் உண்டா? மாலை உண்டா? மறுநாள் பேப்பரில் போட்டோ உண்டா? நான் கல்லங்குறிச்சித் தேர்த் திருவிழா மேடையில் பேசியவள். திருமழபாடியில் நந்தி கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தைக் கட்டிப்போட்டவள் என்று நானே சொல்லிக்கொள்பவள். நான் மூச்சைப் பிடித்து, முத்தமிழைப் பிழிந்து, உச்சிக்கு ஏறும்போது வெளியே போண்டா வாசம் வரும். பாதிக் கூட்டம் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடும். அந்த அம்மா, ‘கதவு திறக்குது. உள்ள யாரோ நிக்கிறாங்க’ என்று சாதாரணமாகச் சொல்கிறார். ஐந்து பேரும் மூச்சுவிட மறந்துபோகிறார்கள். எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள்!

போகட்டும், அது தொழில் பொறாமை. சுமதி அக்காவின் வழக்குக்கு வருகிறேன். அக்கா ஒன்றும் வேலையற்றுப்போய் மனு எழுதவில்லை. ஆரம்ப காலத்தில் தர்மன் என்ற தம்பி ஒருநாள் கதை நடத்தினார். ஒரு பெண்ணை நாலு பேர் சேர்ந்து சீரழிக்கும் காட்சி. அதை ஊறுகாய் தொட்டுக்கொள்வதுபோல் தொட்டுத் தொட்டு, சுவைத்துச் சுவைத்துச் சொன்னார். அக்காவின் மகள் பானுப்ரியா, கல்லூரிக்குப் போகிற பிள்ளை, பாதியில் எழுந்து வந்துவிட்டாள். அன்றைக்கு அவள் சோற்றில் கை வைக்கவில்லை. பெற்ற தாய்க்குக் கோபம் வருமா, வராதா? வர வேண்டும்! வராவிட்டால்தான் தப்பு.

தர்மன் மன்னிப்புக் கேட்டார். அதற்கப்புறம் அம்சவள்ளி ஒரு விதி வைத்தார். மேசை நடுவில் ஒரு செம்பு இருக்கும். கதை யாருக்குத் தாங்கவில்லையோ அவர் செம்பைக் கவிழ்க்கலாம். கவிழ்த்த நொடியில் கதை அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடும். ஏன் என்று ஒருவரும் கேட்கக்கூடாது. மேசையிலும் கேட்கக்கூடாது, மாடிப்படியிலும் கேட்கக்கூடாது. இந்த விதி வந்த பிறகு பானுப்ரியா தானாகவே திரும்பிப் போனாள். இன்றைக்கும் அந்த மேசையில் அவளுக்கு ஓர் இடம் இருக்கிறது. அக்கா முறைக்கிறார். உண்மையைச் சொன்னேன் அக்கா, மன்னிச்சுக்குங்க.

அப்படியானால் இப்போது எதற்கு மனு? போன மாதம் ஒரு குழந்தை செத்தது. கதையில்தான். சுண்ணாம்புக்கல் வெட்டிவிட்டு விட்டுப்போன பள்ளம். மழைக்கு அது நிரம்பி, கரை உடைந்து, ஊருக்குள் தண்ணீர் வருகிறது. ஒரு குடிசையிலிருந்த தொட்டிலை அடித்துக்கொண்டு போகிறது. நம் ஊரில் இதைக் கற்பனை செய்ய யாருக்கும் கஷ்டமில்லை. தகப்பன் இடுப்பளவுத் தண்ணீரில் தேடி, பிள்ளையைக் கண்டெடுத்து, கையில் ஏந்திக்கொண்டு வருகிறான். அந்தத் தகப்பன் வேடம் யாருக்கு? மூன்றாவது வரிசையைப் பாருங்கள். எடைமேடையில் லாரிக்குச் சீட்டு எழுதும் குருநாதன் அவர்களுக்கு!

மேசையே அழுததாம். செய்தி ஊருக்குள் பரவியது. ‘புள்ள சாவுறதெல்லாம் ஒரு வெளையாட்டா?’ என்று சுமதி அக்கா கொதித்தெழுந்தார். நானும் கொதித்தேன். ஆனால் என் கொதிப்பு வேறு.

டவுன் பஸ்ஸில் பானுப்ரியா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “அத்தே, மாமா பேசுனத நீங்க கேட்டிருக்கணும். பச்சப்புள்ளய ரெண்டு கையிலயும் வச்சுக்கிட்டு வராரு. தல நெறய முடின்னாரு. எடையே தெரியலன்னாரு. இடது காது மேல மடிஞ்சு இருந்துச்சுன்னாரு. எப்புடித்தான் அவருக்கு அதெல்லாம் தோணுதோ!”

தோணுதோ என்றாள். பெரியோர்களே, தாய்மார்களே, என் இடது காதைப் பாருங்கள். மேல் மடல் மடிந்திருக்கிறதா? பிறந்ததிலிருந்தே அப்படித்தான்.

இதைச் சொல்லப்போகிறேன் என்று நேற்றே இவரிடம் கேட்டுக்கொண்டேன். ‘ஒன் இஷ்டம்’ என்றார். அதனால் சொல்கிறேன். எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். பிறந்த அன்றே போய்விட்டாள். நான் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தேன். நான் கண் திறப்பதற்குள் இவர் தன் கையாலேயே அவளைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார். ‘எப்படி இருந்தா?’ என்று கேட்டேன். ‘இப்ப எதுக்கு அது?’ என்றார். இன்னொரு முறை கேட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

இப்போது சொல்லுங்கள் அவையோரே! அது கதைப் பிள்ளையா? கற்பனைப் பிள்ளையா? என் பிள்ளை! தலை நிறைய முடி இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஜெராக்ஸ் கடைக்காரருக்குத் தெரியும்! காது என் காதைப்போல் மடிந்திருந்தது என்று எனக்குத் தெரியாது. கல்லூரி மாணவிக்குத் தெரியும்! ஊறுகாய் தொட்ட தர்மனுக்குத் தெரியும்! ஏ.டி.எம்மில் பணம் நிரப்பும் தம்பிக்குத் தெரியும்! போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தம்பிக்குத் தெரியும்! ஐந்து பேர் என் மகளைப் பார்த்துவிட்டார்கள். சுமந்தவள் பார்க்கவில்லை, பெற்றவள் பார்க்கவில்லை! பொறாமைப்படாமல் நான் என்ன செய்வேன்?

போட்டேன் கையெழுத்து! பேனா காகிதத்தைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்திப் போட்டேன். எனக்குக் கிடைக்காதது எவருக்கும் கிடைக்கக்கூடாது, அதுதான் என் எண்ணம்.

அடுத்த ஞாயிறு, ஆதாரம் திரட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டு நானே மாடியேறினேன். ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். கதை நடந்தது. அந்தத் தகப்பன் பிள்ளையைப் புதைக்கப் போகும் கட்டம் வந்தது. இவர் வாயைத் திறந்தார், நிமிர்ந்தார், என்னைப் பார்த்தார். கையை நீட்டிச் செம்பைக் கவிழ்த்துவிட்டார்.

‘சரிங்க, நாம சந்தைக்குப் போவோம்’ என்றார் அம்சவள்ளி. கதையில் எல்லாரும் சந்தைக்குப் போய்விட்டார்கள். ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. அவர்களுக்குத் திறந்த வாய் எனக்கு மூடிக்கொண்டது. ஏற்கெனவே எரிந்த வயிற்றில் யாரோ எண்ணெயை ஊற்றினார்கள்.

திரும்பி வரும்போது வண்டியில் கேட்டேன். “ஏன் கவுத்தீங்க?”

“ஏன்னு கேக்கக்கூடாதுங்கறதுதான் விதி.”

“அது மேசையில. இது வண்டி.”

முன்னால் ஒரு டிப்பர் போனது. வேகத்தைக் குறைத்தார். அதைப் போகவிட்டுச் சொன்னார். “அங்க பேசுறது நான் இல்ல ஹேமா. அது வேற ஒரு ஆளு. அவனுக்குச் சொல்ல வருது. ஒன் காதப் பாத்தா எனக்கு வாய் அடைச்சுக்குது.”

யாரங்கே, நேரமாகிவிட்டது என்று மணியைத் தொடுவது? தலைவர் ஐயா, இன்னும் கொஞ்சம். முடித்துவிடுகிறேன்.

கொடூரம், கொடூரம் என்கிறோம். திரௌபதியம்மன் கோயில் கூத்தில் களப்பலி நடக்கிறது. மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டே பார்க்கிறோம். சாப்பிடுகிற நேரத்துச் சீரியலில் மாமியார் பாலில் விஷம் கலக்கிறாள். குழம்பை ஊற்றிக்கொண்டே பார்க்கிறோம். அங்கெல்லாம் செம்பு உண்டா? நிறுத்து என்றால் நிற்குமா? தர்மன் அன்றைக்குச் சொன்னதும் துயரம்தான், குருநாதன் சொன்னதும் துயரம்தான். அவர் கேட்பவர் தலையில் போட்டார். இவர் தன் கையில் ஏந்தினார். முன்னதைத் தடுக்கத்தான் வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே யாரும் அந்த மேசையில் வேண்டாம், அதுவும் சரி. என்ன மாதிரிக் கதை வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லட்டும், அதுவும் சரி. ஆனால் சாவே வரக்கூடாது, சவமே வரக்கூடாது என்றால், என் மகள் எந்தக் கதவு வழியாகத்தான் வருவாள்?

ஆகவே தலைவர் அவர்களே, என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

தமிழரசன் தம்பி, கை தட்டாதீங்க! உங்க கட்சிக்கு நான் வரல. எனக்கு இன்னும் பொறாமை தீரவில்லை. தீரவும் தீராது. எனக்கு வேண்டியது தீர்ப்பு அல்ல. அந்த மேசையில் ஓர் இடம்.

என்னங்க, உங்களைத்தான். செல்போனைக் கீழே வைத்துவிட்டீர்கள், பார்த்தேன். வருகிற ஞாயிறு நான் வருகிறேன். உங்கள் மனைவியாக வரமாட்டேன். கதையில் ஒருத்தியாக வருகிறேன், வெள்ளத்துக்குப் பின் வயலில் மிச்சப் பயிரைப் பார்க்க வந்த யாரோ ஒருத்தி. முந்தானையைத் தலையோடு போர்த்தி, காதை மூடிக்கொண்டு வருகிறேன். பிள்ளையைப் புதைக்க அந்தத் தகப்பன் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். ‘அண்ணே, கொஞ்சம் நில்லுங்க’ என்பேன். நீங்கள் செம்பைக் கவிழ்த்தால் ஏன் என்று கேட்கமாட்டேன். அடுத்த ஞாயிறும் அதே வரப்பில் வந்து நிற்பேன். கவிழ்க்காவிட்டால், ‘துணிய வெலக்குங்கண்ணே, புள்ள மொகத்தப் பாத்துக்கறேன்’ என்பேன்.

இத்தனை நேரம் செவி கொடுத்த தலைவருக்கும் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் நன்றி. அம்சவள்ளி, நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் போடுங்கள், ஓரத்தில் வேண்டாம். வணக்கம்.