வாசலில் கிடந்த செருப்பு

வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வெட்டித் தரும் வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள். மூத்தவளின் பைக்குள் நண்டுகள் அசைந்துகொண்டிருந்தன.

“கூழுக்கு வாறவையின்ர செருப்பையெல்லாம் உள்ளுக்கு எடுத்து வையுங்கோ அக்கா,” என்றாள் இளையவள்.

“ஏன்?”

“போன முறை வாசல்ல கிடந்த செருப்பைப் பார்த்துத்தானே, தமிழாக்கள் கூட்டம் போடினம் எண்டு பொலிசுக்குச் சொன்னவை. உங்கட மகனைப் பிடிச்சுக்கொண்டு போனது மறந்திட்டுதோ?”

“மறக்குமே? அவனை வெளிய விட்டு ஒரு கிழமையாகுது, எலும்பும் தோலுமா இருக்கிறான். ஸ்பெயினில இறால், கணவாய், மட்டியெல்லாம் போட்டு ஒரு குழம்பு காய்ச்சுவினமாம், புரதமும் இரும்புச்சத்தும் நிறைய இருக்காம், அப்பிடி ஏதும் குடுங்கோ எண்டு டொக்டர் சொன்னார். நண்டும் மீனும் இறாலும் போட்டுக் காய்ச்சுற கூழ் எங்களிட்ட இருக்கு எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்.”

“அப்ப உங்கள் ரெண்டு பேருக்கும் மட்டும் காய்ச்சுங்கோவன்.”

“ரெண்டு பேருக்கு ஆராவது கூழ் காய்ச்சுறதோ? பானையைச் சுத்தி ஆக்கள் இருக்க வேணும். அண்டைக்கு வந்த எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டிட்டன்.”

இளையவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“செருப்பையாவது...”

மூத்தவள் குரலைத் தாழ்த்தவில்லை.

“அண்டைக்கு அவனை வெறுங்காலோடதான் ஜீப்பில ஏத்தினவை. அவன்ர செருப்பை நான் இண்டைவரைக்கும் வாசல்ல இருந்து எடுக்கேல்லை. வாற எல்லாற்ற செருப்பும் அதுக்குப் பக்கத்திலதான் கிடக்கும்.”