மூன்றாம் மாடிப் பால்கனியில் நான் உட்கார்ந்திருந்தது பற்றி

என் பெயர், கணவர் பெயர், விலாசம் மூன்றையும் அதிகாரி கேட்டு முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டார். வயது ஐம்பத்தொன்று. தொழில், தைத்து முடித்த சட்டைகளில் நூல் பிசிறு வெட்டுவது. கம்பெனி ஆள் மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார், வெட்டி மடித்து வைத்தால் எடுத்துப் போவார். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். யாரும் மிரட்டாமல், யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானே சொல்கிறேன்.

நானும் என் கணவரும் மேற்படி விலாசத்தில் தரைத்தளத்தின் பின்பக்கப் போர்ஷனில் பல வருடங்களாக வாடகைக்கு இருக்கிறோம். ஓர் அறை, ஒரு சமையற்கட்டு. என் கணவர் செய்தித்தாள் அச்சடிக்கும் இடத்தில் மெஷின் ஓட்டுகிறார். அவருக்கு எப்போதும் இரவுப் பணிதான். விடிந்த பிறகு வந்து, குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால் சாயங்காலம் எழுந்திருப்பார். இரவெல்லாம் மெஷின் இரைச்சலில் நிற்கிறவர் என்பதால் வீட்டில் சின்னச் சத்தமும் அவருக்கு ஆகாது. ஆகவே பகலில் நான் ரேடியோ போடுவதில்லை, பாத்திரம் துலக்குவதில்லை, போன் வந்தால் சமையற்கட்டுக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு பேசுவேன். என்னை அவர் ஒருநாளும் அடித்ததில்லை, திட்டியதில்லை. அதிகாரி கேட்டதால் இதைச் சொல்கிறேன். எங்களுக்கு ஒரே மகள், கல்யாணமாகி வெகுதூரத்தில் இருக்கிறாள்.

எங்கள் அறையில் இருப்பது ஒரே ஜன்னல். அதற்கு வெளியே காலி மனை இருந்தது. அந்த ஜன்னலடியில் உட்கார்ந்துதான் வேலை செய்வேன். வெள்ளைச் சட்டையில் வெள்ளை நூல் கண்ணுக்குத் தெரிய வெளிச்சம் வேண்டும். போன வருடம் அந்த மனையில் சரக்குக் கிடங்கு கட்ட ஆரம்பித்தார்கள். கிடங்கின் சுவர் எங்கள் ஜன்னலுக்குக் கையெட்டும் தூரத்தில் எழும்பியது. கொத்தனார்கள் ஜன்னல் உயரத்துக்கு வந்த அன்று அவர்களில் ஒருவர் கம்பி வழியாக, "அக்கா, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன. அதற்கு மறுநாள் சுவர் மட்டும்தான்.

அதன் பிறகு எங்கள் அறைக்குப் பகல் வருவது நின்றுவிட்டது. விளக்குப் போட்டால் கணவர் தூக்கம் கெடும் என்று சமையற்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, அடுப்பு மேடைக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்த்தேன். அறைச் சுவரில் ஈரம் ஏறிச் சுண்ணாம்பு உதிர்ந்தது. துவைத்த துணி காயாமல் நாறியது. பிசிறு விட்டுப்போகிறது என்று கம்பெனி ஆள் மூட்டையைத் திருப்பிப் போட்டார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அது பொங்கி வழிவதும் தெரியும், ஆனால் கை போகாது. ஒருநாள் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தபோது முன் போர்ஷன் பெண், "என்னக்கா, காலையிலதானே கூட்டுனீங்க?" என்று கேட்டாள். அப்போதுதான் அது சாயங்காலம் என்று எனக்குத் தெரிந்தது. அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். மகள் போன் செய்தால் எடுப்பதையும் விட்டுவிட்டேன். "நல்லா இருக்கியாம்மா?" என்றுதான் முதலில் கேட்பாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

பிறகு நானாகவே ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்து, "தினமும் கொஞ்ச நேரம் வெயில்ல உக்காருங்க. நாலு பேரோட பேசுங்க" என்றார். அதன்படி வீட்டுக்காரரிடம் மொட்டைமாடிச் சாவி கேட்டேன். அவர், "இன்னிக்கு உங்களுக்குத் திறந்துவிட்டா நாளைக்கு எல்லாரும் துணி மூட்டையோட வந்து நிப்பாங்க. மேல தண்ணித்தொட்டி இருக்கும்மா" என்று சொல்லிவிட்டார். தெருவில் உட்காரலாம் என்றால் எங்கள் சந்தில் இரண்டு பக்கமும் வண்டிப் பட்டறைகள், இரும்பு அறுக்கிற பொறி காலில் வந்து விழும். அதனால் பெரிய சாலைக்கு நடந்து போய்ப் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். வந்த பேருந்தெல்லாம் எனக்காக நின்று, நான் ஏறாததால் கிளம்பிப் போயிற்று. ஒரு கண்டக்டர் தலையை நீட்டி, "எங்கம்மா போகணும்?" என்றார். எங்கேயும் இல்லை என்றேன். "அப்ப எதுக்கு இங்க உக்காந்திருக்கீங்க?" என்றார். எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதன் பிறகுதான் வழக்கில் சொல்லப்படும் அடுக்குமாடிக் கட்டிடத்துக்கு முதல்முறை போனேன். அங்கே படிக்கட்டு கூட்டும் பெண் எனக்குப் பழக்கம். மூன்றாம் மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்து போய்விட்டதால் வீட்டைக் கழுவிவிடச் சொல்லி அதன் சொந்தக்காரரின் தம்பி அவளிடம் சாவி கொடுத்திருந்தார். அவள் துணைக்கு என்னைக் கூப்பிட்டாள். இரண்டு பேருமாகக் கழுவினோம். பாதியில் அவள் மருமகளுக்கு வலி எடுத்துவிட்டது என்று போன் வந்தது. "அக்கா, மிச்சத்தை நீங்க முடிச்சிட்டுச் சாவியை வாட்ச்மேன்கிட்ட குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள். அவள் போன பிறகு நான் பால்கனிக் கதவைத் திறந்தேன். தரையெல்லாம் வெயில். ஈரக்காலோடு அதில் உட்கார்ந்தேன். பாவாடை ஓரம் காய்ந்து மொடமொடவென்று ஆகும்வரை எழுந்திருக்கவில்லை.

இறங்கி வந்தபோது வாட்ச்மேன் நாற்காலியில் இல்லை. சாவியை வீட்டுக்கு எடுத்துப்போய், மறுநாள் கணவர் படுத்த பிறகு கொடுப்பதற்காகத்தான் வந்தேன். என்னைப் பார்த்ததும் வாட்ச்மேன், "என்னம்மா, மேல வேலை இன்னும் முடியலையா?" என்று கேட்டார். நான், "முடியல" என்றேன். இந்த வழக்கில் நான் சொன்ன முதல் பொய் அதுதான்.

அன்று முதல் தினமும் காலையில் போய், கணவர் எழுந்திருக்கும் முன் திரும்பிவிடுவேன். ஒரு பாயும் தண்ணீர்ப் பாட்டிலும் கொண்டுபோய் வைத்தேன். சட்டை மூட்டையை எடுத்துப்போய்ப் பால்கனியில் உட்கார்ந்து பிசிறு வெட்டினேன். மின்சாரம் போடவில்லை. குழாயில் தண்ணீர் பிடித்தேன், கழிவறையைப் பயன்படுத்தினேன். மறைக்கவில்லை. சில நாளில் மகளுக்கு நானே போன் செய்தேன். "என்னம்மா, இவ்வளவு சத்தமா பேசுற?" என்று ஆச்சரியப்பட்டாள். காற்றாட இருக்கிற இடத்தில் உட்கார்ந்து பேசுகிறேன் என்று மட்டும் சொன்னேன். வாட்ச்மேனுக்கு என் முகம் பழகிப்போனதால் மறுபடி எதுவும் கேட்கவில்லை. படிக்கட்டு கூட்டும் பெண் மருமகளின் பிரசவத்துக்குப் போனவள் வேலைக்குத் திரும்பவில்லை, சாவியை யாரும் தேடவில்லை.

அதே மாடியில் எதிர்வீட்டில் ஓர் அம்மா தனியாக இருக்கிறார். டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், முழங்கால் வலியால் கைத்தடி ஊன்றித்தான் நடப்பார். ஒருநாள் நான் கதவைப் பூட்டும்போது அவர் தன் கதவைத் திறந்து, "புதுசா குடிவந்திருக்கீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். உடனே உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார். அவர் வீட்டில் கூடத்திலேயே இரண்டு பெரிய ஜன்னல்கள் இருந்தன. நல்ல வெளிச்சமான வீடு என்று சொன்னேன். அதற்கு அவர், "வெளிச்சத்துக்கு என்ன, கொட்டிக்கிடக்கு. அதுல யாரைப் பாக்குறது? லிஃப்ட் திறக்கும், யாரோ இறங்குவாங்க, கதவு சாத்துற சத்தம் கேக்கும். ஊர்ல உள்ளவங்க பேச்சையெல்லாம் கனெக்ஷன் குடுத்துக் குடுத்து என் காது தேஞ்சுது. இப்ப கேஸ் சிலிண்டர் கொண்டுவர்றவன்கூட வாயத் திறக்காம கையெழுத்து வாங்கிட்டுப் போயிடறான்" என்றார். மகன் வாரம் ஒருமுறை போனில் பேசுவதாகவும், பேசி முடிப்பதற்குள் மூன்று முறை "சரிம்மா, வச்சிடவா?" என்று கேட்பதாகவும் சொல்லி, மகன் குரலிலேயே பேசிக் காட்டினார். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். நான் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று எனக்கே நினைவில்லை.

அதன் பிறகு தினமும் மத்தியானம் அவர் வீட்டில் உட்கார்ந்து பேசுவோம். அவரும் ஒரு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு எனக்குப் பிசிறு வெட்டித் தருவார். ஒருமுறை, "உங்க வீட்டுல தாளிக்கிற வாசனையே வர்றதில்லையே?" என்று கேட்டார். கணவருக்கு வேலை இடத்திலேயே சாப்பாடு என்று சொல்லிச் சமாளித்தேன். அந்த வீட்டுக்கு நான் ஒரு ஸ்டவ்வையும், ஒரு கட்டிலையும், வாரக்கடைசியில் வந்துபோகும் ஒரு மகளையும் வாயாலேயே வாங்கிப் போட்டேன்.

சம்பவத்தன்று முற்பகலில் நான் பால்கனியில் இருந்தபோது எதிர்வீட்டில் ஏதோ விழுந்த சத்தமும், ஒரு வாளி உருளும் சத்தமும் கேட்டன. போய்க் கதவைத் தட்டினேன். உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை, பிறகு முனகல் கேட்டது. வாட்ச்மேனைக் கூப்பிட்டால் ஆட்கள் கூடுவார்கள், நான் யார் என்ற கேள்வி வரும். பேசாமல் படியிறங்கி வீட்டுக்குப் போய்விடலாம், என் வீடு எது என்று அங்கே யாருக்கும் தெரியாது. அப்படி நினைத்துக்கொண்டு நான் இரண்டு படி இறங்கியதையும் சொல்லிவிடுகிறேன். மறுபடி முனகல் கேட்டது. பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்துக் கத்தினேன். அவ்வளவு பெரிய சத்தம் என் தொண்டையில் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. வாட்ச்மேனும் லிஃப்ட் பழுது பார்க்க வந்திருந்தவரும் ஓடிவந்து தாழை உடைத்தார்கள். அம்மா குளியலறையில் கிடந்தார், இடுப்பை அசைக்க முடியவில்லை. அவர் மேல் துண்டைப் போர்த்தி, ஆம்புலன்ஸ் வரும்வரை தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். கூடவே ஆஸ்பத்திரிக்கும் போனேன். மூன்றாம் மாடி வீட்டைப் பூட்ட எனக்குத் தோன்றவில்லை.

திறந்து கிடந்த வீட்டைப் பார்த்து வாட்ச்மேன் தகவல் கொடுத்ததால் சொந்தக்காரரின் தம்பி வந்து பாயையும் சட்டை மூட்டையையும் பார்த்திருக்கிறார். நான் பூட்டை உடைத்துக் குடிபுகுந்ததாகப் புகார் கொடுத்திருக்கிறார். பூட்டு உடையவில்லை. சாவியை இன்று அதிகாரியிடம் ஒப்படைத்துவிட்டேன்.

மறுநாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது வாட்ச்மேன் மூலம் எல்லாம் தெரிந்துகொண்டிருந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "என் எதிர்ல உக்காந்து, என் காப்பியைக் குடிச்சிட்டு, இத்தனை நாளா பொய் சொல்லிருக்கீங்க. அந்தப் பொண்ணு வருவா வருவான்னு நான் பிஸ்கட் வாங்கி வச்சேன்" என்றார். எங்கள் ஜன்னலைப் பற்றிச் சொல்ல நினைத்தேன், அந்த இடத்தில் அது சாக்குச் சொல்வதுபோல இருக்கும் என்று சொல்லவில்லை. நர்ஸ் வந்து பார்வை நேரம் முடிந்தது என்றார். நான் எழுந்தேன். அம்மா சுவரைப் பார்த்தபடியே, "நாளைக்கு வருவீங்களா?" என்று கேட்டார். மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன்.

அதன் பிறகு காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டதால் என் கணவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி விஷயத்தைச் சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டார். "நீங்க தூங்கிட்டிருந்தீங்க" என்றேன். அவர், "அந்தச் சுவர் வந்ததுக்கப்புறம் எனக்கு நல்லாத் தூக்கம் வந்துச்சு. பரவால்லன்னு நினைச்சேன். நீ அதுக்குள்ள என்ன பண்ணுவேன்னு நினைச்சே பாக்கல" என்றார். இப்போதும் அவர் வெளியே பெஞ்சில்தான் இருக்கிறார். அவருக்கு இன்று பணி உண்டு, இன்னும் கண் மூடவில்லை.

எதிர்வீட்டு அம்மா அடுத்த வாரம் வீடு திரும்புகிறார். அவரால் தனியாக எழுந்து கதவைத் திறக்க முடியாது. பகலில் நான் வந்து கூட இருக்க வேண்டும் என்று அவர் தன் மகனிடம் சொல்லியிருக்கிறார். மகனும் சம்மதித்து என்னிடம் போனில் பேசினார். ஆனால் என்னை வாசலில் விடக்கூடாது என்று வாட்ச்மேனுக்கு உத்தரவு போட்டிருக்கிறார்கள். மூன்றாம் மாடியில் பூட்டிய வீட்டை நான் கேட்கவில்லை, அதன் பக்கமே திரும்பமாட்டேன். அதற்கு எதிர்க்கதவு வரை போய்வர எனக்கு அனுமதி வேண்டும். இது வாக்குமூலத்தில் வராது, எழுதத் தேவையில்லை என்று அதிகாரி சொன்னார். எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். எழுதினார்.

மேலே எழுதியிருப்பதை அதிகாரி நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. எனக்குத் தெரிந்தவரை எல்லாம் உண்மை, விட்டது எதுவும் இல்லை என்று கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)

என் முன்னிலையில் வாசித்துக் காட்டப்பட்டு, சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது.
நிலைய எழுத்தர்