மூன்று கால் பின்னல்

– தலையை ஆட்டாதே பாப்பா. அப்பா கை எங்கே போகுதுன்னு அவருக்கே தெரியல.

– நான் ஆட்டலம்மா. அப்பாதான் என் தலையைப் பிடிச்சு ஆட்டுறாரு.

– அம்மாவும் பொண்ணும் ஒண்ணு சேர்ந்துட்டீங்களா? அடுக்குமாடிக்கே வயரிங் பண்ற ஆளு நான். ஒரு சடைக்கு இவ்வளவு கெடுபிடியா?

– அடுக்குமாடிக்குப் பண்ணுவீங்க. நேத்து நீங்க பின்னி அனுப்பின சடையைப் பார்த்துட்டு டீச்சர் இவகிட்ட, "வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா கண்ணு"ன்னு கேட்டிருக்காங்க.

– நீ சொல்லச் சொல்ல நான் செய்யறேன். டாக்டர் உன் மணிக்கட்டைத்தானே கிழிச்சு நரம்பைச் சரி பண்ணாரு? வாய்க்கு ஒண்ணும் ஆகலையே.

– அது ஒண்ணுதான் இந்த வீட்டுல நல்லா வேலை செய்யுது. முதல்ல சிக்கெடுங்க. நுனியிலிருந்து. மேலேயிருந்து இழுத்தா சீப்போட தலையும் வந்துடும்.

– எந்த வயரையும் நான் நுனியிலிருந்துதான் பிரிப்பேன். டென்ஷன் ஆகாதே.

– ஆனா அப்பா, நான் வயர் இல்ல.

– சரிங்க சூப்பர்வைசரம்மா. நேரா நில்லுங்க.

– ஏங்க, இன்னிக்கு அவளுக்கு வகுப்பு போட்டோ. நாளைக்கு இவ பெரியவளாகி இதை எடுத்துப் பார்க்கும்போது என்னைத்தான் திட்டுவா. அம்மா பார்லர்ல வேலை பார்த்தா, பொண்ணு தலை மட்டும் காக்கா கூடு கட்டின மாதிரி இருக்குன்னு.

– வகிடு எடுத்தாச்சு. பார்.

– அது வகிடா? மூக்குக்கு நேரே ஆரம்பிச்சு காதுல போய் முடியுது.

– நடுவுல ஒரு சுழி இருக்கும்மா. சுத்திக்கிட்டுப் போகவேண்டியதாயிடுச்சு.

– வகிடே வேணாம், விடுங்க. இருக்கிறதே கழுத்தளவு முடி, எல்லாத்தையும் பின்னாடி தள்ளுங்க. மூணு காலாப் பிரிங்க.

– மூணு வயர் மாதிரி. ஃபேஸ், நியூட்ரல், எர்த்.

– என்னமோ ஒண்ணு. வலது காலைத் தூக்கி நடுக்காலுக்கு மேல போடுங்க. இப்ப அது நடுக்கால் ஆயிடுச்சா? இடது காலை எடுத்து அதுக்கு மேல.

– இப்படி ஒண்ணு மேல ஒண்ணு போட்டா வீடே இருட்டாயிடும்.

– ஆனா அப்பா, அது என் தலை. வீடு இல்ல.

– பிடியைத் தளர விடாதீங்க. இறுக்கி, இறுக்கி. ஆமா. சின்னவன் எங்கே? சத்தத்தையே காணோம்.

– ஜீரோ வாட்டா? இப்பத்தான் இங்கே எரிஞ்சுக்கிட்டிருந்தான்.

– அம்மா, தம்பி சோபாவுக்குக் கீழே படுத்திருக்கான். கையில சாக்ஸ் மாட்டிக்கிட்டு மேல தூக்கி வச்சிருக்கான். அவனுக்கு ஆபரேஷனாம்.

– அவனுமா? கையை நெஞ்சுக்கு மேல தூக்கி வைன்னு டாக்டர் எனக்குச் சொன்னாரு. வீடே கடைப்பிடிக்குது.

– நீ கட்டோட ஜன்னல் பக்கம் அப்படித் தூக்கி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தப்ப எத்தனை டாக்ஸி நின்னுச்சு. ஒருத்தன் மாடிக்கே வந்து, வரலைன்னா ஏம்மா கூப்பிடறேன்னு சண்டை போட்டுட்டுப் போனானே.

– பழசைக் கிளறாதீங்க. பாப்பா, தம்பி டயப்பர் மேல கருப்பா என்னடி தெரியுது?

– அது அப்பா ஒட்டினது.

– இன்சுலேஷன் டேப். டயப்பர்ல ஒட்டற பட்டை பிஞ்சு போச்சு, மூணு சுத்து சுத்திட்டேன். அடைமழை பெய்ஞ்சாலும் ஒரு சொட்டு உள்ளே போகாது.

– மழை உள்ளேயிருந்துதாங்க பெய்யும். அதான் பிரச்னையே.

– இந்தா, உன் போன் அடிக்குது. பார்லர் அக்கா.

– எடுக்காதீங்க.

– காலையிலேர்ந்து விடாம அடிக்கிறாங்க.

– அடிக்கட்டும். கை இன்னும் வலிக்குதுன்னு சொல்லி வச்சிருக்கேன்.

– ஆனா அம்மா, வலியே இல்லன்னு டாக்டர் மாமாகிட்ட சொன்னியே. நான் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன். அவர் கூட, இனிமே வேலைக்குப் போகலாம்னு சொல்லிட்டு எனக்கு மிட்டாய் குடுத்தாரே.

– நீ எதுக்குடி எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்கிறே? பாடத்துல ஒரு வரி நிக்கல.

– ஏம்மா, என்கிட்டயும் வலின்னுதானே சொல்லிக்கிட்டிருக்கே? தையல் பிரிச்சு ஒரு மாசம் ஆகப்போகுது. நான் காலையில இவங்களைக் கிளப்பிவிட்டு, பாதி ஷிப்ட் போய், ஓடி வந்து பாத்திரம் கழுவறேன். கேக்கலாம்ல?

– கேளுங்க.

– வலிக்குதா?

– வலிக்கல. வலிச்சா தேவலாம். வலிக்குதுன்னு உட்கார்ந்திடலாம்.

– அப்புறம் என்ன?

– பயமா இருக்குங்க.

– எதுக்குப் பயம்? நரம்பு விட்டுப்போச்சு, பிடிச்சுப்போச்சுன்னு எதுவும் இல்ல, நல்லா ஆறியிருக்குன்னுதானே சொன்னாரு?

– ஆபரேஷனுக்கு முன்னாடி, விரல் மரத்துப்போய்க் கிடந்ததே, அப்ப பார்லர்ல ஒரு நாள் கத்தரி நழுவி விழுந்துச்சு. தரையில விழுந்த சத்தம் கேட்டுத்தான் என் கையில இல்லன்னே எனக்குத் தெரிஞ்சுது. நாற்காலியில உட்கார்ந்திருந்தது இவ வயசுப் பொண்ணு. கழுத்தை ஒட்டிக்கிட்டு விழுந்திருக்கு. அவளுக்கு ஒண்ணும் ஆகல. அந்தப் பொண்ணு சிரிச்சுச்சு. எனக்குத்தான் அதுக்கப்புறம் சிரிப்பே வரல.

– இதை ஏன் சொல்லல?

– சொன்னா நீங்க என்ன செய்வீங்க? டேப் ஒட்டுவீங்க.

– ஒட்டியிருப்பேன்தான்.

– விரல் இப்ப நல்லாத்தான் இருக்கு. தட்டு பிடிக்கிறேன், சின்னவன் கன்னத்தைக் கிள்றேன். கத்தரின்னு நினைச்சாலே உள்ளங்கை வேர்த்துடுது. கத்தரிப் பெட்டியைத் திறக்கவே இல்ல நான். இன்னிக்குள்ள பதில் சொல்லலைன்னா என் நாற்காலியைப் பார்லர்ல புதுசா சேர்ந்த பொண்ணுக்குக் குடுத்துடுவேன்னு அக்கா சொல்லிட்டாங்க. குடுத்துட்டுப் போகட்டும்.

– அந்த நாற்காலியில உன்னைத் தேடித்தானே ஆளுங்க வந்து காத்துக்கிடப்பாங்க.

– போகட்டும்னு சொல்றேன்ல. பின்னலைப் பாருங்க. கடைசி வரைக்கும் வந்தாச்சா?

– வந்தாச்சு. சூப்பர்வைசரம்மா, இந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. அம்மா பார்க்க வேணாம், முடிச்சதும் காட்டலாம்.

– என்னங்க அது, டர்ர்ருன்னு சத்தம்?

– கட்டிட்டேன்.

– எதால கட்டினீங்க? ரப்பர் பேண்ட் என் மடியிலதானே இருக்கு?

– கேபிள் டை.

– எது? வயரையெல்லாம் சேர்த்துக் கட்டுவீங்களே, அந்தப் பிளாஸ்டிக் பட்டையா?

– தரமான சாமான். பத்து வருஷத்துக்கு அசையாது.

– அம்மா, கழுத்துல குத்துது.

– கடவுளே. அவிழுங்க முதல்ல.

– அது அவிழாது. உள்ளே பல் இருக்கு. ஒரு தடவை இழுத்துட்டா போறதுதான், திரும்பி வராது. வெட்டித்தான் எடுக்கணும்.

– அப்ப வெட்டுங்க. உங்ககிட்ட வயர் வெட்டற கட்டர் இருக்குமே.

– சாமானெல்லாம் கட்டடத்துலயே பூட்டி வச்சுட்டு வந்துட்டேன்.

– சமையல் ரூம்ல கத்தரிக்கோல்?

– ஜீரோ வாட் எங்கேயோ போட்டுட்டான். காய் நறுக்கற கத்தி கொண்டு வரட்டுமா?

– பிள்ளை கழுத்துக்குப் பக்கத்துல கத்தியா? நீங்க பேசாம இருங்க.

– அப்ப உன் பெட்டியில இருக்கிறதுதான். எடுத்துட்டு வந்துட்டேன், இந்தா.

– அது முடி வெட்டற கத்தரிங்க. பிளாஸ்டிக்ல பட்டா கூர் போயிடும்.

– பிளாஸ்டிக்கை எதுக்கு வெட்டறே? பட்டைக்கு மேல முடியை வெட்டு. நுனிதானே.

– நீங்களே வெட்டுங்க.

– அப்பா வெட்ட வேணாம்மா. தம்பி நெத்தி முடியை அப்பா வெட்டினதுலேர்ந்து அவன் எப்பவும் பயந்துபோன மாதிரியே இருக்கான்.

– அது ஸ்டைல்.

– அம்மா, நீ வெட்டும்மா. பஸ் வந்துடும்.

– கத்தரி நழுவிடுமோன்னு இருக்குடி.

– நான் ஆடவே மாட்டேன். மூச்சு கூட விட மாட்டேன்.

– மூச்சு விடு பாப்பா. மூச்சு விடலாம். ஏங்க, அவ தோளைப் பிடிச்சுக்கோங்க. கழுத்துல உங்க கையை வைங்க. விழுந்தா உங்க கையில விழட்டும்.

– வச்சிருக்கேன். என் கைக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு.

– சிரிக்க வைக்காதீங்க.

– என்ன, எடுத்துட்டு அப்படியே நிக்கிறே?

– சில்லுன்னு இருக்கு.

– எது?

– கத்தரி. கட்டைவிரல்ல சில்லுன்னு தெரியுது. கொஞ்சம் இருங்க. நடுவிரல்லயும் தெரியுது. எவ்வளவு நாளாச்சுங்க எனக்கு இது தெரிஞ்சு. முன்னாடியெல்லாம் இரும்பைப் பிடிச்சா எப்படி இருக்கும், அப்படியே இருக்கு.

– இரும்புதானே அது.

– உங்களுக்குச் சொன்னாப் புரியாது. பாப்பா, முகவாயைக் கீழே கொண்டு வா. ம். அவ்வளவுதான்.

– வெட்டியாச்சா?

– பட்டை உங்க காலடியில கிடக்கு, பாருங்க.

– சத்தமே கேக்கல.

– கேக்கக் கூடாது. நல்லா வெட்டினா அப்படித்தான். இருடி, ஓடாதே, இடது பக்கம் ரெண்டு முடி நீட்டிக்கிட்டிருக்கு. இப்படியா உன்னைப் போட்டோவுக்கு அனுப்புவேன்? ஏங்க, நீங்க தள்ளி நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க. இதென்ன பின்னல், கயிறு திரிச்ச மாதிரி. நானே மறுபடி பின்னிடறேன். ரப்பர் பேண்டைக் குடுங்க.

– பார்த்தியா சூப்பர்வைசரம்மா, என்னை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க.

– அம்மா ஏன் அழறே? எனக்கு வலிக்கல.

– சந்தோஷமா இருக்குடி. இனிமே முடியாதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். தினம் ராத்திரி அதையே நினைச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன். முடிஞ்சுது. ஏங்க, போனைப் போட்டுக் காதுல வைங்க, என் கை ரெண்டும் இவ தலையில இருக்கு.

– ரிங் போகுது. பேசு.

– அக்கா, நான்தான். இல்லக்கா, வலியெல்லாம் போயிடுச்சு. திங்கக்கிழமை வந்துடறேன். முதல்ல பாதி நாள்தான், கனமா எதுவும் தூக்க மாட்டேன். என் நாற்காலியை யாருக்கும் குடுத்துடாதீங்க. இல்லக்கா, யாரும் வற்புறுத்தல. வீட்டுல இந்த மனுஷன் பண்ணின ஒரு முட்டாள்தனத்தாலதான் எனக்குத் தைரியமே வந்துச்சு. நேர்ல வந்து சொல்றேன், சிரிப்பீங்க. வச்சிடறேன்.

– முட்டாள்தனம்னு ஊரெல்லாம் சொல்லணுமா?

– பின்ன? பெத்த பிள்ளை முடியில வயர் கட்டற பட்டையைப் போடறவரை வேற என்னன்னு சொல்றது? போதும், அவளைத் தூக்கிக்கிட்டு ஓடுங்க. பஸ் திரும்பற சத்தம் கேக்குது.

– வாங்க சூப்பர்வைசரம்மா, இடுப்புல ஏறுங்க.

– ஆனா அப்பா, உங்க பாக்கெட்ல இருக்கிற கட்டர் என் கால்ல குத்துது. அம்மாதான் வெட்டி முடிச்சுட்டாளே, இனிமே வெளியே எடுக்கலாம்ல?